மூன்று நாள் போத்தல்

நம் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் சோற்றுப் போத்தலைக் கண்டு சலித்துக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தூள் அரைத்தாயிற்று, பையில் கட்டியாயிற்று, வாசலில் தோட்டக்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கிறார். அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை அவித்த சோற்றில் போட்டு, மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்று அவருக்குச் சொல்ல உங்களுக்கு வாய் கூசுகிறதாம். சலிப்பு நியாயமானதுதான். எனக்கும் இருந்தது. உங்களைவிடக் கூடவே இருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். வேலைமுறை எல்லாம் அச்சடித்த புத்தகமாக உங்கள் மேசையில் இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்ல நான் தேவையில்லை. அந்தப் போத்தல் மேல்தட்டுக்கு வந்த கதை மட்டும் புத்தகத்தில் இல்லை. அதைச் சொல்கிறேன். ஆறுதலாக, மெல்லத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கூடம் என்பது ஓர் அறை, ஒரு விறாந்தை, முன்னால் ஒரு சீமெந்து முற்றம், அவ்வளவுதான். மருதனார்மடச் சந்தியிலிருந்து நடந்து வரலாம். எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் பல்கலைக்கழகக் கம்பஸில் படித்த ஒரு பிள்ளை. என்னைவிடப் பதினாறு வயது இளையவர். தன் பெயரை எழுதவேண்டாம் என்று முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார், அதனால் மிஸ் என்றே எழுதுகிறேன். அவர் என்னை அக்கா என்பார். வயதில் நான் மூத்தவள், வேலையில் அவர் மூத்தவர். இரண்டு பேரும் அதை நன்றாகவே சமாளித்தோம்.

நாங்கள் வளர்த்தது ஒரு நல்ல பூஞ்சணம். ட்ரைக்கோடேர்மா என்று நீங்கள் எழுதுவது. எனக்கு அது எப்போதும் பச்சைதான். வெங்காயத்தின் அடியை அழுகவைக்கிற கெட்ட பூஞ்சணத்தை மண்ணுக்குள்ளேயே சுற்றிப் பிடித்துத் தின்றுவிடும். அவித்த நெல்லில் விட்டால் முதலில் வெள்ளையாகப் படரும். அதன் பிறகு பச்சை பிடிக்கவேண்டும். பச்சை பிடித்தால்தான் அதில் வித்து இருக்கிறது.

ஆரம்பத்தில் எங்கள் போத்தல்கள் சரியாகப் பச்சை பிடிக்கவில்லை. சிலது பிடிக்கும், சிலது வெள்ளையாகவே கிடக்கும். மிஸ் நெல்லைக் குறை சொன்னார், தண்ணீரைக் குறை சொன்னார். ஒருநாள் நான் அறை கூட்டும்போது ஒரு போத்தலை யன்னல் தட்டில் தூக்கி வைத்தேன், திருப்பி எடுத்து வைக்க மறந்துபோனேன். இரண்டாம் நாள் பார்த்தால் யன்னல் பக்கம் பச்சை, சுவர்ப் பக்கம் வெள்ளை. மற்றப் போத்தல்கள் எல்லாம் இருட்டு அலுமாரிக்குள் கிடந்தன. நான் இன்னும் இரண்டைத் தூக்கி யன்னலில் வைத்துப் பார்த்தேன். அவையும் பச்சை பிடித்தன. அதற்குப் பிறகுதான் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மிஸ் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் புத்தகத்திலை வாசிச்சும் யோசிக்கேல்லை, நீங்கள் கண்ணாலை பிடிச்சிட்டியள் அக்கா,” என்றார். பிறகு சொன்னார்: “வெளிச்சம் வேணும். வெயில்தான் வேண்டாம்.”

அந்தப் பேச்சில் முதல் பாதி எனக்கு நன்றாகக் கேட்டது. இரண்டாம் பாதியும் கேட்டதுதான், கேட்காமல் இல்லை. ஆனால் புகழ்ச்சியோடு சேர்த்து வந்ததால் அதன் பாரம் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து பச்சையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் எனக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. படித்தவர்களுக்கு நடுவில் எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒருத்திக்கு இப்படி ஒன்று கிடைத்தால் அவள் அதை விடமாட்டாள்.

சோற்றுச் சோதனையை மிஸ் கொண்டுவந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை தூள் அரைத்ததும் ஒரு சிட்டிகையைச் சோற்றில் போட்டு, மூன்று நாளில் வெள்ளை படர்கிறதா என்று பார்ப்பது. என் கண்ணை நம்பாத வேலை என்று நினைத்தேன். செய்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தேன். ஒருதரமும் சோதனை பிழை காட்டவில்லை. அதனால் அது வீண் வேலை என்று எனக்கு இன்னும் உறுதியானது.

இனிப் பிலோமினாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பிலோமினா குருநகர்க்காரி. வருடக்கணக்காகக் கடகத்தில் மீன் கொண்டுவந்து எங்கள் சந்திச் சந்தையில் விற்றவள். நான் அவளிடம்தான் மீன் வாங்குவேன். நான் விலை பேசினால் நீளும். “பாக்கியக்கா, நீங்கள் பேசி முடிக்கிறதுக்குள்ளை இந்த மீன் திருப்பிக் கடலுக்குப் போயிடும்,” என்பாள். மீன் சமைக்காத வெள்ளிக்கிழமை நான் அவளைக் கடந்து போனால், “இண்டைக்கு அக்காவுக்கு மூக்கில்லை,” என்று பக்கத்துக்காரிக்குச் சொல்வாள். கேட்டும் கேட்காததுபோல் போவேன். உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

தொண்ணூறில் கரையோரம் முழுக்கச் செல் குண்டு விழத் தொடங்கியதும் அவளும் புருசனும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்தார்கள். முதலில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பிறகு எங்கள் ஊர்த் தோட்டக்காரர் சின்னராசா அண்ணையின் காணி மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார்கள். கடலுக்குப் போக ஏலாது. புருசன் தோளில் சுமந்துகொண்டு வந்தது ஒரு நைலோன் வலை. அது கொட்டிலுக்குள் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

சின்னராசா அண்ணைக்கு கொடிமுந்திரிகைத் தோட்டம் இருந்தது, வெங்காயத் தரையும் இருந்தது. அதில் இரண்டு பரப்பு நிலத்தில் முந்தின போகம் வெங்காயம் அடி அழுகிப் படுத்துவிட்டது. அதைச் செய்ய ஆளில்லை. அந்தத் தரையைத் தான் செய்து பார்க்கட்டா என்று பிலோமினா என்னிடம்தான் வந்து கேட்டாள். எனக்குத் தோட்டம் தெரியும், பிறந்ததே தோட்டக்காரர் வீட்டில். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்கிறேன் என்றாள். அந்தத் தரையில் அழுகல் இருக்கிறதாமே என்று பயந்தாள்.

“எங்கடை பச்சை இருக்க உனக்கென்ன பயம்?” என்றேன். “என்ரை பொறுப்பு, நீ தரையைக் கொத்து.”

அந்த ஒரு சொல்லில்தான் அவள் இறங்கினாள். விதை வெங்காயத்துக்கு வழி இல்லை. அந்த நேரம் விதை வெங்காயம் கிடைப்பதே பெரும்பாடு. சின்னராசா அண்ணை தன் பறணில் கட்டி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார், பதிலுக்கு வலையை வாங்கி முந்திரிகைப் பந்தலுக்கு மேல் விரித்தார், குருவி விழாமல் இருக்க. வெங்காயம் விளைந்து அதே அளவு விதையைத் திருப்பித் தந்தால் வலையைக் கழற்றித் தருவதாகப் பேச்சு. விளையாவிட்டால் வலை இல்லை. கடல் திறந்தாலும் புருசனுக்குத் தொழில் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்ரை பொறுப்பு என்றேன்.

தொண்ணூற்றிரண்டு சித்திரை. அவளுக்கென்று ஒரு தொகுதி பச்சை தயாரானது. அந்த நேரம் பார்த்து மிஸ்ஸின் தாய்க்குச் சுகமில்லை என்று செய்தி வந்து அவர் வவுனியாவுக்குப் புறப்பட்டார். பத்து நாளில் வந்துவிடுவேன், நிழலில் காயவையுங்கள், போத்தல் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் போனபிறகு சண்டையால் பாதை பூட்டிவிட்டது. பத்து நாள் ஏழு கிழமையானது.

மின்சாரம் இருந்த காலத்தில் விசிறி போட்டு ஒருநாளில் காயவைப்போம். அது நின்று இரண்டு வருடம். விறாந்தையில் சீலை விரித்து, காற்றில் உலரவிட்டால் ஐந்தாறு நாள் எடுக்கும். அந்த முறை நான் பரப்பிய அன்றே வானம் மூடிக்கொண்டது. சித்திரையில் யாரும் நினையாத தூறல், இரண்டு நாள் விடவில்லை. நாலாம் நாள் சீலையின் ஓரத்தைத் தூக்கி மணந்து பார்த்தேன். புளித்த வாடை தொடங்கியிருந்தது. இன்னும் ஒருநாள் விட்டால் அவ்வளவும் எறியவேண்டும்.

பிலோமினாவுக்கோ நாள் குறித்தாயிற்று. சின்னராசா அண்ணையிடம் இருந்த மண்ணெண்ணெயில் மெசின் ஓட்டி, அந்தக் கிழமைதான் அவளுக்குத் தண்ணீர் இறைக்க முறை. அதை விட்டால் அடுத்த முறை எப்போதென்று அவருக்கே தெரியாது. விதை வெங்காயமும் முளை காட்டத் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் வானம் வெளித்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். முற்றத்துச் சீமெந்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நான் விறாந்தையிலிருந்து வெயிலைப் பார்த்தேன், சீலையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் புழுக்கொடியல், செத்தல் மிளகாய், வடகம், நெல்லு எல்லாம் காய்ந்த வெயில் இதுதான். வெயிலில் காய்ந்தது பழுதாகாது என்று பிறந்த நாளிலிருந்து கண்டவள் நான். இந்தப் பச்சைக்கும் வெளிச்சம் விருப்பம். யன்னல் வெளிச்சத்துக்கே அவ்வளவு பச்சை பிடித்ததென்றால் வெயில் அதற்குக் கெடுதல் செய்யுமா? வேண்டாம் என்று மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. படித்தவர்கள் எதற்கும் ஒரு பயம் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்று அதைத் தள்ளிவிட்டேன்.

முற்றத்தில் ஓலைப்பாய்களை விரித்து மெல்லிசாகப் பரப்பினேன். வேலையை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை. மணிக்கொருதரம் குந்தி இருந்து கையால் கிண்டிவிட்டேன், ஒரு நெல்லும் வெயில் படாமல் இருக்கக்கூடாது என்று. இரண்டு நாள் அப்படிச் செய்தேன். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அடியில் கிடந்ததாவது பிழைத்திருக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் பிலோமினா வந்தாள். சின்னராசா அண்ணையும் இன்னும் இரண்டு தோட்டக்காரரும் விறாந்தை நிழலில் இருந்தார்கள். அவள் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, ஒரு நெல்லை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் பழக்கமான பார்வை அது, மீன் காய்ந்ததா என்று பார்ப்பது போல.

“பாக்கியக்கா, உது உயிருள்ள சாமான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“பிறகேன் கருவாடு மாதிரிக் காயப்போட்டிருக்கிறியள்?”

விறாந்தையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை. தெரியாமல் கேட்டாள், தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குத்தான் சுள்ளென்றது. மீன் விற்கிறவள் எனக்குப் பச்சை காயவைக்கச் சொல்லித்தருவதா என்று இருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை, அந்த எண்ணம் எனக்குள் இருந்தது.

“பிலோமினா, இது மீனில்லை,” என்றேன். “இது தோட்டக்காரர் வேலை. நீ போய்ப் பாத்தியைக் கட்டு.”

சின்னராசா அண்ணை பெரிதாகச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிலோமினாவும் சிரித்துவிட்டு, எடுத்த நெல்லைப் பாயில் திருப்பிப் போட்டாள்.

அன்று பின்னேரம் தூளை அரைத்தேன். அழகான பச்சை. மாப்போல இருந்தது, புளிப்பு வாடை போய்விட்டது. சோற்றில் போட்டுப் பார்க்க மூன்று நாள் வேண்டும். மூன்று நாளில் அவளுடைய தண்ணீர் முறை போய்விடும். என் கண் இருக்கிறதே என்று பையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். மிஸ் வந்தால் நிறத்தைக் காட்டிப் பெருமைப்பட ஒரு பிடியை மட்டும் தகரப்பேணியில் எடுத்து வைத்தேன்.

செய்யவேண்டியதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். கஞ்சித் தண்ணீரில் தூளைக் கரைத்து விதை வெங்காயத்தில் பிரட்டு என்றேன், பிரட்டினாள். உக்கின சாணியில் கலந்து அந்திப்பட்ட பிறகு பாத்தியில் போட்டு மண்ணால் மூடு என்றேன், அந்திவரைக்கும் காத்திருந்து அப்படியே செய்தாள். பகலில் போட்டால் வெயில் பட்டுவிடும் என்று அந்த வாயாலேயே அவளுக்கு விளக்கமும் சொன்னேன். பாருங்கள், தோட்டத்துக்கு அந்தப் புத்தி இருந்தது. முற்றத்துக்கு இல்லாமல் போனது.

வெங்காயம் முளைத்து நன்றாகத்தான் வந்தது. அவள் பாத்திகள் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. வலை கட்டுகிற கை அல்லவா. மூன்றாம் கிழமை நுனி மஞ்சளித்தது. நாலாம் கிழமை ஒரு மூலையிலிருந்து படுக்கத் தொடங்கியது. அவள் ஓடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளை நூல் சுற்றி, குமிழ் நைந்து போயிருந்தது. எங்கள் பச்சை தின்றிருக்கவேண்டிய அதே அழுகல். பச்சையின் அடையாளம் எங்கும் இல்லை. சின்னராசா அண்ணை வரம்பில் நின்றார். “கடல்காரியின்ரை கைக்கு வெங்காயம் நிக்குமோ பிள்ளை? நான் அப்பவே சொன்னனான்,” என்று என்னிடம் சொன்னார், அவள் கேட்கத்தான் சொன்னார். அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வாய்க்காலைப் பார்த்தேன். ஈரம் இருந்தது. எந்த வெங்காயப் பாத்தியிலும் இருக்கிற ஈரம்தான்.

“தண்ணி கூட விட்டிட்டாய்,” என்றேன்.

“நீங்கள் சொன்ன அளவுதானே அக்கா விட்டனான்?”

“செம்மண்ணுக்குக் கை பழக வேணும், பிலோமினா.”

அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டாள்.

அந்த நேரம் நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்குத் தெரியாதே என்று. ஆனால் கூடத்துக்குத் திரும்பி வந்ததும் நேராக அந்தப் பேணியை ஏன் எடுத்தேன்? சந்தேகம் இருந்தபடியால்தானே?

ஒரு போத்தல் சோற்றில் பேணியிலிருந்த பச்சையைப் போட்டேன். இன்னொரு போத்தலில், தை மாதம் நிழலில் காயவைத்த பழைய தூளில் மிச்சம் கிடந்ததைப் போட்டேன். போடுமுன் இரண்டையும் ஒரு வெள்ளைக் கடுதாசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பச்சை. சொல்லப்போனால் வெயிலில் காய்ந்ததுதான் இன்னும் வடிவாக இருந்தது.

இரண்டாம் நாள் பழைய தூள் விழுந்த சோற்றில் வெள்ளை படர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் யன்னல் பக்கம் பச்சை எட்டிப் பார்த்தது. மற்றப் போத்தலில் சோறு சோறாகவே கிடந்தது. நாலாம் நாளும் பார்த்தேன். ஒரு கிழமையும் வைத்துப் பார்த்தேன்.

மிஸ் வந்ததும் இரண்டு போத்தலையும் அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அதைமட்டும் ஒழுங்காகச் செய்தேன். அவர் ஏசவில்லை. முற்றத்துப் படியில் இறங்கி அந்தச் சீமெந்தில் கையை வைத்துப் பார்த்தார்.

“நிறம் போகாது அக்கா,” என்றார். “வெயில் வித்தின்ரை உயிரைத்தான் எடுக்கும். பச்சை அப்பிடியே இருக்கும். அதுக்குத்தான் போத்தல்.” பிறகு கேட்டார்: “அவவுக்குச் சொல்லிட்டியளோ?”

“இன்னும் இல்லை.”

“நானும் வாறன், ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்.”

“வேண்டாம் மிஸ். என்ரை பிழை, நானே சொல்லுறன்.”

அதுவும் பெருமைதான் என்று இப்போது தெரிகிறது. ஒரு சின்னப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் குனிந்து நிற்பதா என்ற எண்ணம்.

நான் போகவில்லை. முதல் கிழமை, கூடத்தின் பெயர் கெட்டுவிடும், மற்றத் தோட்டக்காரர்களும் பச்சையை விட்டுவிடுவார்கள் என்று காரணம் வைத்தேன். அடுத்த கிழமை அவள் பிள்ளைக்குக் காய்ச்சல், இந்த நேரம் போய் இதைச் சொல்வதா என்றிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. அவள் கேட்டாள், நான் சிரித்தேன். எத்தனை பேருக்கு முன்னால் சிரித்தேனோ, அத்தனை பேருக்கும் அது தெரியவரும். மிஸ் ஒரு மாதம் பொறுத்து, சொல்லிட்டியளோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

மிஸ் இதை வாசிப்பார். அவருக்கும் இப்போதுதான் தெரியவருகிறது.

பிலோமினா தரையைத் திருப்பிக் கொடுத்தாள். தொண்டைமானாற்றுப் பக்கம் ஏரியில் சின்ன மீன் பிடிக்கிறார்கள், மீன் வெட்டிக் காயப்போட ஆள் வேண்டுமாம் என்று குடும்பத்தோடு போய்விட்டாள். போகுமுன் கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. வலை பந்தலில் கிடந்தது. நான் வேலைக்குப் போகும் வழி அந்த வேலியோரம்தான். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம்.

இரண்டு வருடம் போய்விட்டது. தொண்ணூற்றிநாலில் என் வீட்டுத் தரையில் வெங்காயம் நல்ல விளைச்சல். அதில் விதையைக் கட்டித் தூக்கிக்கொண்டு சின்னராசா அண்ணையிடம் போனேன். பிலோமினா தரவேண்டிய அளவு இந்தா இருக்கிறது, வலையைக் கழற்றித் தாருங்கள் என்றேன். வலையோடு போனால் வாய் திறக்கும் என்று நினைத்தேன். வெறுங்கையோடு போய்ச் சொல்லத் துணிவில்லாதவளின் கணக்கு அது.

அவர் சிரித்தார். “விதை என்னத்துக்குப் பிள்ளை? சும்மா கழட்டிக்கொண்டு போ. உது இத்துப்போச்சு.”

பந்தலுக்குக் கீழே நின்று கையை உயர்த்தி வலையின் ஒரு கண்ணைப் பிடித்து இழுத்தேன். அறுந்து விரலோடு வந்தது. இன்னொன்றைப் பிடித்தேன். அதுவும் வந்தது. கீழே நின்று பார்த்தால் முழு வலை போலத்தான் தெரிந்தது, நிறம்கூடப் பெரிதாக வெளிறவில்லை. “ரெண்டு வருச வெயில் திண்டிட்டுது,” என்றார் அண்ணை.

அதற்குப் பிறகும் அவளிடம் போனேன். ஆவணியில் அந்த ஆற்றங்கரைச் சந்நிதி கோயிலுக்குப் போகிற சனத்தோடு சேர்ந்து போய், கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஆற்றங்கரையில் விசாரித்தேன். பிலோமினா அங்கே மூன்று நாலு பெண்களோடு தென்னோலைக் கிடுகு விரித்து மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழும்பி வந்தாள். அவ்வளவு சந்தோசம். மற்றப் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “இவதான் எனக்குத் தோட்டம் சொல்லித்தந்த அக்கா. இவ எல்லாம் சரியாத்தான் சொல்லித்தந்தவ. நான்தான் மடைச்சி, தண்ணியைக் கூட விட்டுக் கெடுத்துப்போட்டன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்களும் சிரித்தார்கள். இந்தக் கதையை அவர்களுக்கு அவள் முன்பும் சொல்லியிருக்கவேண்டும். அதில் எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

“பிலோமினா,” என்றேன்.

“என்னக்கா?”

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வரம்பில் நின்ற அன்று போலவே.

“வெயில் கடுமையாக் கிடக்கு,” என்றேன்.

“கருவாட்டுக்கு நல்லதக்கா,” என்றாள்.

புறப்படும்போது ஒரு கடுதாசியில் கருவாடு சுற்றித் தந்தாள். வேண்டாம் என்றேன், விடவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையைக் கொடுக்கப் போனவள் கருவாட்டோடு வீடு திரும்பினேன். அடுத்தநாள் அதைப் பொரித்தோம். உப்பு அளவாக இருந்தது, ஒரு துண்டும் பழுதில்லை. காயவேண்டியதைக் காயவைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரை விட்டு இடம்பெயர்ந்து கிளம்பியபோது நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். திரும்பி வந்தபிறகு தொண்டைமானாற்றிலும் கேட்டேன், குருநகரிலும் கேட்டேன். சிலர் மன்னார் என்றார்கள், சிலர் இந்தியா என்றார்கள்.

சோற்றுப் போத்தலை மேல்தட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தது நான்தான். மூன்றாம் நாள் வெள்ளை தெரியாமல் ஒரு பையும் வாசலைத் தாண்டக்கூடாது என்று பிடிவாதமாக நின்றதும் நான்தான். கிழவிக்குப் பொல்லாத வீம்பு என்று உங்களுக்கு முந்தினவர்கள் சொன்னார்கள். சொல்லட்டும். ஆனால் போத்தல் பாதி வேலையைத்தான் செய்யும். பச்சை செத்துவிட்டதென்று அது எனக்குச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் அதற்கு வாய் இல்லை.

வாசலில் நிற்கிறவர் ஏதாவது கேட்டால், அது எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும், கேட்கிறவர் யாராக இருந்தாலும், சிரிக்குமுன் ஒருதரம் திரும்பி முற்றத்தைப் பாருங்கள். பிழை செய்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நாள் போகப் போக அது இலேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

உங்களில் சிலர் கரையோரக் கிராமங்களுக்கு வீட்டுத்தோட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்று அறிந்தேன். போகிற இடத்தில், முன்பு மருதனார்மடச் சந்தையில் மீன் விற்ற பிலோமினா என்று ஒருத்தியைக் கண்டால், அல்லது அவளுடைய பிள்ளைகளைக் கண்டால், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். நாலு பேர் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். அவள் விட்ட தண்ணீர் சரியான அளவுதான்.